ஆகர் நுனியில் ஒரு சிட்டிகைக் கறுப்பு

போன மாதம் கிள்ளான் ஆய்வுக்கூடத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டீர்கள். புதிதாகச் சேர்ந்த நீங்கள் ஏழு பேர், பின்வரிசையில் தூக்கத்தோடு மல்லுக்கட்டிய பழையவர்கள் மூன்று பேர், அப்புறம் நான். பேச்சு முடிந்ததும் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கை தூக்கி, நான் செய்ததிலேயே பெரிய தப்பு எது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வந்துவிட்டது, எல்லாரும் எழுந்துவிட்டீர்கள். சம்பால் நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பதில் சொல்லாமல் என் வீடு இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் ரயிலில் வந்தது தொண்டையில் மீன் முள் நின்ற மாதிரி இருந்தது. அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படியுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேலாக பீட் மண்ணை அளந்ததுதான் என் உத்தியோகம். வெளியாட்கள் கேட்டால் நான் சுருக்கமாகச் சொல்வது இது: இலையும் வேரும் பாசியும் தண்ணீரில் விழுந்து, காற்றுப் படாததால் முழுதாக மக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து சேர்ந்த கறுப்பு மண். மழைத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் அப்பா இதைப் பெருமையாக விளக்கப் போக, காப்பி ஆறுவதற்குள் அவர்கள் எழுந்து போனார்கள். நல்லதுதான்.

நான் தொழில் பழகியது டெங்கில் பக்கத்திலும் கோல லங்காட்டிலும். அங்கே நிலம் தட்டை. ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். கடல் பின்வாங்கிய சேற்றில் காடு முளைத்து, அந்தக் காட்டின் உதிரி சேர்ந்து பீட் ஆனது. ஆகர் கம்பியை, அதாவது துண்டு துண்டாக இணைத்து மண்ணுக்குள் இறக்கும் கம்பியை, அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் நுனிக் கிண்ணத்தில் சாம்பல் நிறக் களிமண் வரும். பிசின்போல் ஒட்டும், சில சமயம் அதில் சிப்பித் துண்டுகூட இருக்கும். அதைத்தான் நாங்கள் தரை என்போம். தரை வந்துவிட்டால் ஆழத்தை எழுதிக்கொண்டு அடுத்த துளைக்குப் போய்விடுவோம். அதற்குமேல் அழுத்தினால் வெட்டி வேலை, ஏனென்றால் அந்தக் களிமண்ணுக்குக் கீழேயும் களிமண்தான்.

கம்பி அழுத்துகிறவர் சந்திரன் அண்ணே. டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், எங்கள் லோரி டிரைவரும் அவரே. தரை வந்துவிட்டதா என்பதை அவருடைய உள்ளங்கை சொல்லிவிடும். என் படிப்பைவிட அந்தக் கையை நான் நம்பினேன். அதில் தப்பும் இல்லை, தட்டை நிலத்தில் அந்தக் கை ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

இன்னொருத்தி பரமேஸ்வரி. பண்டமாரானில் வீடு, புருஷன் துறைமுகத்தில் வேலை. கிள்ளானில் எங்கள் ஆய்வுக்கூடம் கடைவீட்டு மாடியில் இருந்தது; கீழே ரொட்டி சானாய் வாசனை, மேலே அடுப்பில் காயும் சேற்றின் வாசனை. அந்த மாடியில் வரும் மண்ணையெல்லாம் காய வைத்து, சலித்து, நிறுத்து வைப்பவள் பரமேஸ். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு துளையிலும் கம்பியை வெளியே எடுத்ததும் நுனிக் கிண்ணத்தில் கடைசியாக ஒட்டியிருப்பதைத் துடைத்துப் போடாமல், அப்படியே பொட்டலம் கட்டி அவளிடம் தர வேண்டும். அதற்கு வால் என்று பெயர் வைத்திருந்தாள். துளை எண் எழுதிய பிஸ்கட் டின்களில் வால்கள் அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும். தட்டை நிலத்து வால் எல்லாமே ஒரே சாம்பல் களிதான், இதை ஏன் சேர்க்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம். ஆனாலும் அண்ணே கட்டிக்கொண்டு வந்துவிடுவார். கொண்டு வராவிட்டால் அன்றைக்கு அவருக்குக் குடிக்கத் தேத்தாரே கிடைக்காது.

இப்போது மலைக்கு வருகிறேன். தித்திவாங்சா மலைத்தொடரில் ஓரிடம், பெயர் வேண்டாம். இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்த, கிண்ணம் மாதிரியான பள்ளம். தினமும் மேகம் வந்து உட்காரும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் விழுந்த இலை மக்குவதற்கு அவசரமே படாது. மரங்கள் என் தோள் உயரம்கூட இல்லை, தண்டெல்லாம் பாசி. காலை வைத்தால் மெத்தை அமுங்குவதுபோல் அமுங்கி, செருப்புக்குள் பழுப்புத் தண்ணீர் வரும். அந்தக் கிண்ணத்தின் ஒரு ஓரத்திலிருந்து ஓடை ஒன்று கிளம்பிக் கீழே போகிறது. கீழே பூர்வகுடிக் கம்பம் ஒன்று இருக்கிறது, இருபது முப்பது வீடுகள் கொண்ட சின்னக் கிராமம். ஓடையில் கறுப்பு ரப்பர் குழாய் போட்டு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், வேறு தண்ணீர் கிடையாது.

அந்தக் கிண்ணத்தின் குறுக்கே ஒரு நிறுவனம் சாலை போட வந்தது. சாலைக்கு முதல் வேலை, கிண்ணத்தின் விளிம்பை வெட்டி வாய்க்கால் எடுத்துத் தண்ணீரை வடிப்பது. பீட் ஆழம் குறைவென்றால் அள்ளிவிட்டுக் கல் நிரப்பிவிடலாம், ஓடைக்கு அவ்வளவாகப் பாதிப்பு இராது. ஆழம் அதிகமென்றால் கம்பத்தின் தண்ணீர்த் தொட்டியையே உடைப்பதற்குச் சமம். ஆழத்தைச் சொல்ல வேண்டியது நான்.

நாங்கள் எட்டுத் துளை போட்டோம். வழி காட்ட வந்தவர் அந்தக் கம்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீரைப் பங்கு போட்டு விட்ட வறட்சியிலும் தங்கள் குழாய் நிற்கவில்லை என்று மலாயில் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், நல்ல ஊற்று இருக்கும்போல என்று மனசுக்குள் முடித்தும் வைத்தேன். ஆய்வுக்கு வந்தவள் நான், சொன்னவர் ஊர்க்காரர். கேட்டது காதோடு நின்றுவிட்டது.

ஒவ்வொரு துளையிலும் ஏறக்குறைய இடுப்பளவு ஆழத்தில் கம்பி கரகரவென்று மணலில் உரசி நின்றது. நாலாவது துளையில் மட்டும் ஒரு விரல் அதிகமாக இறங்கி நின்றது.

"மேடம், கரகரன்னு வந்திருச்சு. தரைதான்" என்றார் அண்ணே.

நானும் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். மலை கருங்கல், கருங்கல் மக்கினால் மணலாகும், ஆக மணல் வந்தால் தரை. கணக்கு அழகாக இருந்தது. பீட் இடுப்பளவுதான், அள்ளிவிடலாம் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அடுத்த திங்கட்கிழமை விளிம்பை வெட்டத் தொடங்குவதாகப் பதில் வந்தது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் பரமேஸ் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். மலைத் துளைகளின் பிஸ்கட் டின்கள் எட்டும் வரிசையாகத் திறந்திருந்தன.

"அக்கா, இந்த மலையில அடியில வெள்ளக் களி ஏன் வரல?"

மலையில் ஏது கடல் களி என்று கேட்டேன், கொஞ்சம் இளக்காரமாகவே.

"கடல் களிய நான் கேக்கல. கல்லு நின்ன இடத்துலயே மக்குனா வெள்ளையா ஒட்டும்ல, அது. எட்டு வாலுலயும் ஒட்டவே இல்ல. மணலு உதிரி உதிரியா இருக்கு. அதுல இல வேற கெடக்கு. தரையில எப்படிக்கா இல இருக்கும்?"

பிறகு நாலாவது டின்னை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தாள். ஆகரின் நுனிக் கிண்ணத்து உருவம் குலையாமல் ஒரு சின்னக் கட்டி விழுந்தது. மேலே மணல், மணலுக்கு அடியில் ஒரு சிட்டிகை கறுப்பு. கம்பி மேலே வரும்போது பக்கத்துப் பீட் ஒட்டியிருக்கும் என்றேன். அவள் மறுத்துத் தலையாட்டினாள். மேலே இருக்கும் பீட் காப்பித் தூள் நிறம், நார் நாராக இருக்கும். இது மைபோல வழுவழுவென்று இருக்கிறது, அதுவும் மணலுக்கு அடியில் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினாள். தானே விரலில் எடுத்துத் தேய்த்தும் பார்த்தாள்.

பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். என்ன நடந்திருக்கிறதென்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என்றைக்கோ சிகரத்திலிருந்து சரிவு ஒன்று இறங்கி, கிண்ணத்திலிருந்த பழைய பீட்டை மணலால் மூடியிருக்கிறது. அந்த மணலின் மேல் பாசி மறுபடி முளைத்து, இலை மறுபடி சேர்ந்து, புதுப் பீட் வளர்ந்திருக்கிறது. நான் தரை என்று எழுதியது கீழ்வீட்டின் கூரை. பீட்டுக்கு ஒரே ஒரு தரைதான் இருக்கும் என்ற நினைப்பை டெங்கிலிலிருந்து மூட்டை கட்டி மலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். தட்டை நிலத்தில் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மலையில் பிறந்தவன் சரிவைப் பார்க்காமல் ஒரு மழைக்காலத்தைக் கூடக் கடந்திருக்க மாட்டான்.

குழாய் வறட்சியிலும் நிற்காததன் காரணமும் அப்போதுதான் உறைத்தது. இடுப்பளவு பீட் அத்தனை தண்ணீரை வைத்திருக்க முடியாது.

எங்கள் முதலாளியிடம் போனேன். கெட்டவர் இல்லை. எங்கள் எல்லார் வீட்டு அடுப்பும் அவர் கையில் இருந்தது, அந்தப் பயம் அவருக்கு எப்போதும் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தப்புன்னு எழுதாத லா. 'மேலும் ஆய்வு தேவை'ன்னு ஒரு வரி போட்டு அனுப்பு, போதும்" என்றார்.

பிள்ளைகளே, அந்த வரியை நீங்களும் ஆயிரம் முறை எழுதப்போகிறீர்கள், பெரும்பாலும் நியாயமாகவே. ஆனால் அன்றைக்கு அது என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் கடிதம் யாரோ ஒருவர் மேசையில் கிடக்கும். மலையில் எக்ஸ்கவேட்டர் விளிம்பை வெட்டிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து நாங்கள் மேலும் ஆய்வு செய்யப் போகும்போது ஆய்வதற்குக் காய்ந்த கரித்தூள்தான் மிஞ்சியிருக்கும். கம்பத்துக்காரர்கள் டேங்கர் லோரிக்காகக் குடத்தோடு நிற்பார்கள். என் பெயருக்கு மட்டும் ஒரு கீறலும் விழுந்திருக்காது. அந்த வரியின் வசதியே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த நிறுவனத்தின் இன்ஜினியருக்கே போன் செய்து என் எண் தப்பு என்று சொல்லப் போவதாக முதலாளியிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சரி, என் ரூம்லயே பேசு. நான் வெளிய நிக்கிறேன்" என்று எழுந்து போனார். கதவையும் சாத்திவிட்டுப் போனார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய பெரிய உதவி அதுதான்.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். போன் மணி அடித்துக்கொண்டிருந்தபோது என் வாயில் தயாராக நின்ற முதல் வாக்கியம், களத்தில் எங்கள் ஆள் தவறாகக் கணித்துவிட்டார் என்பதுதான். இருபது வருடமாக என் பெட்டியைத் தூக்கிய மனிதரை, ஒரு நிமிட அவமானத்திலிருந்து தப்பிக்க, நான் தூக்கிப் போடத் தயாராக இருந்தேன். இன்ஜினியர் போனை எடுத்த நொடியில் அதை விழுங்கினேன். என் எண் தப்பு, கையெழுத்து என்னுடையது, திங்கட்கிழமை வெட்டாதீர்கள் என்றேன். ஈப்போக்காரச் சீனர் அவர், கறார் ஆள். இரண்டே நாளில் ஆதாரம் காட்ட முடியுமா, இல்லை இன்னும் எத்தனை தடவை எண்ணை மாற்றுவீர்கள் என்று கேட்டார். திங்கட்கிழமை காலை விளிம்பிலேயே காட்டுகிறேன் என்றேன். காட்ட முடியுமா என்று எனக்கே தெரியாது. ஒரு சிட்டிகையை நம்பிச் சொன்னேன்.

சந்திரன் அண்ணேயிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. தரையென்று சொன்னது தான்தானே என்றார். கையெழுத்துப் போட்டது நான் என்றேன். தடித்த கம்பிகளையும் சுத்தியலையும் லோரியில் ஏற்றினார். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம்.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. வழிகாட்டிக்கும் ஆள் அனுப்பியிருந்தோம், அவர் வாழை இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். நாலாவது துளை இருந்த இடத்தில் கம்பியை இறக்கினோம். இடுப்பளவில் கரகர. அண்ணே சுத்தியலால் அடித்தார். அந்த இடத்தில் சில விரல் கனமே இருந்த மணலைத் தாண்டியதும் கம்பி சட்டென்று வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அண்ணே அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எடுத்துப் பார்த்தால் மைக்கறுப்பு. பரமேஸின் வால் பொய் சொல்லவில்லை.

இன்னும் இறக்கினோம். நடுவில் ஒரு கை அகலத்துக்கு, தொட்டால் பொடியும் உலர்ந்த பட்டை வந்தது. மேகம் அதிகம் வராத, மழை குறைந்த ஏதோ ஒரு காலத்தில் பீட் மெலிந்து, வளராமல், தன்னைத்தானே தின்றுகொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேலே மறுபடி வழுவழுப்பான பீட். மழை திரும்பி வந்திருக்கிறது, பாசியும் திரும்பியிருக்கிறது. அந்தப் பட்டைக்கும் கீழே போனால் மறுபடி கரகர. இன்னொரு சரிவு.

"நிறுத்திறலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டு அண்ணே தானே சிரித்தார். "இல்ல, இல்ல. வாலு வரைக்கும் போவோம்."

இரண்டாவது மணலுக்குக் கீழே மூன்றாவது பீட். அதற்கும் கீழே, இரண்டு ஆள் ஆழத்துக்கும் கொஞ்சம் அதிகமாகப் போனபின், பரமேஸ் கேட்ட வெள்ளைக் களி ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணே அதை மூன்று விரலால் தொட்டு, நனைந்த நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை விளிம்பில் இரண்டு எக்ஸ்கவேட்டர்கள் நின்றன. அவற்றை ஓட்டிப் பார்ப்பதற்காகப் போன வாரமே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்காலை வெட்டியிருந்தார்கள். அதில் பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்களில் மண்ணை மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் படுக்க வைத்து, லோரியின் பின்தட்டில் இன்ஜினியருக்குக் காட்டினேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொரு அடுக்காகத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. மலை இரண்டு தடவை இதன்மேல் சரிந்தும் இது பிழைத்தது, ஒரு வறட்சிக் காலமே வந்து போயும் பிழைத்தது என்கிறீர்கள். அப்படியென்றால் என் ஒரு வாய்க்காலுக்கா செத்துவிடும்?

உண்மையில் நல்ல கேள்வி. கோபப்பட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவருக்குப் புரியும் மலாயில் சொன்னேன். குளத்துக்குள் மண் சரிந்தால் குளம் மேடாகும், அவ்வளவுதான். தண்ணீர் அங்கேயே நிற்கும், அதன்மேல் மறுபடி வளரும். இரண்டு சரிவிலும் இந்தக் கிண்ணத்தின் விளிம்பு உடையவில்லை. வறட்சியிலும் விளிம்பு இருந்ததால் கொஞ்சமாவது ஈரம் தங்கியது. நீங்கள் வெட்டப்போவது அந்த விளிம்பை. குளத்தின் கரையை வெட்டிவிட்டால் எத்தனை மழை பெய்து என்ன? பீட் புதைந்து சாவதில்லை, காய்ந்துதான் சாகும்.

எங்களோடு வந்திருந்த வழிகாட்டி சிகரத்தைக் காட்டி, இப்போதெல்லாம் காலை மேகம் தாமதமாக வருகிறது, சில நாள் வருவதே இல்லை என்றார். இன்ஜினியர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி சொன்னதையே நான் பிடித்துக்கொண்டேன். ஆமாம், வெயில் ஏறிவருகிறது. ஒரு காயத்தை இது தாங்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள் என்றேன்.

இன்ஜினியர் உலர்ந்த பட்டையிலிருந்து கொஞ்சம் கிள்ளி உள்ளங்கையில் பொடித்துப் பார்த்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் பாறைவரை நடந்து போய், ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் போனில் பேசினார். குரல் உயர்ந்தது, தாழ்ந்தது. திரும்பி வந்து ஓட்டுநர்களிடம் கையைக் காட்டினார். இரண்டு இயந்திரமும் அணைந்தன. அந்த அமைதியில் ஓடையின் சத்தம் கேட்டது.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைக்காதீர்கள். சாலையைச் சிகரத்தின் மறுபக்கம் மாற்றப் பல மாதம் ஆனது, அந்த மனிதர் தன் மேலதிகாரிகளோடு சண்டை போட்டுத்தான் சாதித்தார். அந்த நிறுவனம் இரண்டு வருடம் எங்களுக்கு வேலையே தரவில்லை. முதலாளி அதை ஒருமுறைகூட எனக்குச் சொல்லிக் காட்டவில்லை. வெட்டிய வாய்க்காலை அடைக்கக் கம்பத்து ஆட்களும் நாங்களும் மூன்று நாள் உழைத்தோம். ஓடை மணலை மூட்டையில் கட்டித் தூக்கி வந்து, மரக்கட்டைகளை அண்டை கொடுத்து, வாய்க்கால் நெடுக நிரப்பினோம். அடுத்து வந்த வெயிலில் குழாய் மெலிந்ததே தவிர நிற்கவில்லை. வழிகாட்டி அதைச் சொல்வதற்கென்றே அண்ணேக்குப் போன் செய்தார்.

இது நடந்து பதினோரு வருடமாகிறது. போன வருடம், ஓய்வு பெற்ற பிறகு, நாங்கள் மூன்று பேரும் மறுபடி அங்கே போனோம். கிளம்பிய அன்றுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. பரமேஸ் அதுவரை எந்தப் பீட் நிலத்தையும் பார்த்ததே இல்லை. முப்பது வருடம் அதைச் சலித்தவள், நிறுத்தவள், ஒரு மலையையே காப்பாற்றியவள். மண் மாடிக்கு வரும், அவள் மாடியிலேயே இருப்பாள். அவளைக் களத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நீங்கள் கேட்ட பெரிய தப்பு எது என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அடுத்த வாரமே களத்துக்கு அழைத்துப் போங்கள். லோரியில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அண்ணேக்கு முட்டி வலி, விளிம்பில் கல்மேல் உட்கார்ந்துகொண்டார். பரமேஸ் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாசியில் கால் வைத்தாள். அமுங்கியது. இன்னொரு காலை வைத்தாள். அறுபது வயதில் ஒரு குதி குதித்தும் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் நின்ற செடிகள்கூட ஆடின. "அக்கா, இது உயிரோட இருக்கு" என்றாள்.

அடைத்த வாய்க்காலைத் தேடினோம். கண்டுபிடிக்கவே நேரமானது, அதன்மேல் அப்படிப் பாசி மூடியிருந்தது. நான் கொண்டுபோயிருந்த சின்ன ஆகரை அங்கே இறக்கினேன். நாலு விரல் ஆழத்துக்குப் பாசியும் இலையும் வேருமாக வெளிர்பழுப்பில் ஒரு அடுக்கு. பீட் என்று இப்போதே சொல்ல முடியாது, நம் பேரப்பிள்ளைகள் சொல்லட்டும். ஆனால் மக்கிப் போகாமல் இருக்கிறது, ஈரமாக இருக்கிறது, தொடங்கிவிட்டது. அதற்குக் கீழே கம்பி கரகரவென்று நின்றது.

"முடிஞ்சிருச்சு" என்றேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. கல்மேல் உட்கார்ந்திருந்த அண்ணே சத்தமாகச் சிரித்தார்.

"அது நீங்க போட்ட மணலு, அக்கா" என்றாள் பரமேஸ். "அழுத்துங்க."

அழுத்தினேன். எங்கள் மூட்டை மணலையும் அதற்கடியில் இருந்த சரிவு மணலையும் தாண்டிக் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெளியே எடுத்தபோது துளையில் பழுப்புத் தண்ணீர் ஊறி, விளிம்புவரை வந்து நின்றது. நுனிக் கிண்ணத்தில் பழைய பீட் இருந்தது, ஒரு சிட்டிகை, மைக்கறுப்பு, சொட்டச் சொட்ட ஈரம்.

கட்டுவதற்குப் பையில் பிளாஸ்டிக் தேடினேன். பரமேஸ் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வாலை அவள் உள்ளங்கையிலேயே வைத்தேன்.